கெட்டதை முதலில் சொல்பவர்

வேன் கதவைத் திறந்து நாங்கள் காலைக் கீழே வைப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எந்த ஊர் என்றோ, யார் கூட்டி வந்தது என்றோ கேட்கவில்லை.

“கேட்டுட்டு எறங்குங்க. உள்ள வந்தா பூ கூடாது, பொட்டு கூடாது. வளையல் அத்தனையும் கழட்டணும். கண்ணாடி வளையலும் கழட்டணும். நண்டு முள்ளு குத்தும். தண்ணி ஐஸா இருக்கும். கையில வார நாத்தம் எந்தச் சோப்புக்கும் போகாது, சோறு ஊட்டப் போனா பிள்ளைக மூஞ்சியச் சுளிக்கும். நாள் சம்பளம் கிடையாது, எடுக்குற சதைக்குத்தான் சம்பளம். கை பழகுற வரைக்கும் காசு ஒண்ணும் நிக்காது. வேணாங்கிறவுக எறங்க வேணாம். வேன் திரும்பிப் போகத்தான் போகுது.”

எங்களோடு வந்தவர்களில் இரண்டு பேர் இறங்கவில்லை. வேலை கஷ்டம் என்பதால் அல்ல. புருஷன் இருக்கும்போது வளையலைக் கழற்றுவதா என்று முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேன் டிரைவருக்குக் கோபம்.

“ஏக்கா, ஊர் ஊராப் போயி ஆளத் தேத்திக் கூட்டியாறேன். நீ வாசல்லயே வெரட்டி விடுறியே.”

“மூணாம் நாளு அழுதுக்கிட்டு ஓடுறதுக்கு இப்பயே போகட்டும்லே. ஒனக்கு டீசல் மிச்சம்தான” என்றார் அவர்.

உச்சிப்புளி தாண்டி, கடற்கரைக்குப் போகும் மண்சாலையில் இருந்தது அந்த நண்டுக் கம்பெனி. அவர் அங்கே சூப்பர்வைசர். மேனேஜர் அவரை ‘மேடம்’ என்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான். அவர் பெயர் வருகைப் பதிவில் இருந்திருக்கும். எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

என் ஊர் திருப்புல்லாணிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் நெல், அதற்குப் பின் மிளகாய். பெய்யாவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் கடல் வேலைக்குப் போனதில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தது. என் வீட்டுக்காரர் அப்போது கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் பக்கத்துத் தெருப் பஞ்சவர்ணத்தக்காவும் செல்வி என்ற கல்யாணம் ஆகாத பெண்ணும் இன்னும் சிலரும் ஏறினோம்.

வேலை என்னவென்றால், சின்னப் படகு ஓட்டும் வள்ளக்காரர்கள் வலையில் பிடித்து வரும் நீல நண்டைக் கரையிலேயே அவித்து ஐஸ் பெட்டியில் கம்பெனிக்கு அனுப்புவார்கள். எவர்சில்வர் மேஜையின் இருபுறமும் நாங்கள் நின்றுகொண்டு, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து சதையை எடுக்க வேண்டும். முதுகுப் பக்கம் துடுப்புக் காலுக்கு மேலே இருக்கும் பெரிய சதை உடையாமல் வந்தால் அதற்கு ஒரு விலை, உடைந்தால் ஒரு விலை, கால் சதைக்கு இன்னொரு விலை. பிறகு அதை இருட்டு அறையில் நீல விளக்குக்குக் கீழே பரப்பி, ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்து டப்பாவில் அடைப்பார்கள். டப்பா தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறி அமெரிக்கா போகும். அங்கே அதில் கட்லெட் மாதிரி ஒன்று செய்து தின்பார்களாம். கரையில் நண்டுக்கு இன்றைக்கு என்ன விலை என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்தார்கள். வள்ளக்காரருக்கும் எங்களுக்கும் அது காற்று மாதிரி, எங்கிருந்தோ வரும், மாறும்.

அக்கா வேலையில் கெட்டி என்பது உண்மைதான். ஆனால் அதற்காக யாரும் அவரை ஞாபகம் வைத்திருக்கவில்லை. கெட்ட சேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம்கூட அவரால் இருக்க முடியாது. அதற்காகத்தான் அவரை நினைக்கிறோம், திட்டுகிறோம்.

நல்ல சேதி என்றால் அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். தீபாவளிக்குச் சேலை கொடுக்கப்போகிறார்கள் என்பதை மேனேஜர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவருக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். ‘ஏன்க்கா சொல்லல?’ என்றால், ‘அது எப்புடியும் வந்துருமே, அதுக்கு நான் எதுக்கு?’ என்பார். கெட்டதுதான் தன்னுடைய பொறுப்பு என்று எடுத்துக்கொண்டவர் மாதிரி நடப்பார். நண்டு வரத்து குறையப்போகிறதா, நாளைக்கு வேன் கிடையாதா, நீ எடுத்த சதையில் துணுக்கு இருந்து மொத்தத் தட்டும் திரும்பி வந்துவிட்டதா, கோட்டுப் பையில் கையை விட்டபடி நேராக மேஜைக்கு வந்துவிடுவார். முகத்தில் வருத்தமும் இருக்காது, ஏளனமும் இருக்காது.

பஞ்சவர்ணத்தக்காவின் பெருவிரலில் ஒரு முறை நண்டு முள் ஏறி வீங்கிவிட்டது. நாங்கள் ‘சரியாப் போயிரும்க்கா, மஞ்சள் வச்சுக் கட்டு’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா விரலைத் தூக்கிப் பார்த்தார்.

“சரியாப் போகாது. இப்புடியே விட்டா வெரல எடுக்கச் சொல்லுவாக. ராம்நாட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே.”

பஞ்சவர்ணத்தக்கா வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா தேற்றவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தானே கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். விரல் பிழைத்தது. ‘பிழைச்ச வெரலுக்கு எம்புட்டுப் பேச்சுப் பேசுனா பாத்தியா, நெஞ்சே நின்னு போச்சு’ என்று பஞ்சவர்ணத்தக்கா அதற்குப் பிறகும் குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

செல்வி விஷயம் அப்படி முடியவில்லை. அவளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், பெண் எப்படி என்று விசாரிக்கக் கம்பெனிக்கே ஒரு நாள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தியும். கேட் பக்கம் நிறுத்தி அக்காவைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

“நல்ல பிள்ள. கை சுத்தம், ஒரு நாள் லீவு போடாது” என்றாராம் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். “கோவம் மட்டும் வரும். வந்தா பெரியவுக சின்னவுக பாக்காது. நீங்களும் கோவக்காரவுகன்னா ஒத்து வராது.”

அந்த இடம் தட்டிப் போயிற்று. செல்வி மேஜையில் கத்தியைக் குத்திவிட்டு வந்து அக்காவைக் கேட்டாள்.

“நான் ஒங்களுக்கு என்ன பண்ணுனேன்?”

“ஒண்ணும் பண்ணல.”

“பெறகு எதுக்கு அப்புடிச் சொன்னீக?”

“அந்தம்மா மூஞ்சியப் பாத்தேன். அதுவும் ஒன்னய மாதிரித்தான். கட்டிக்கிட்டுப் போயி அடிச்சுக்கிட்டு நிப்பீகளே.”

“அத நான் பாத்துக்கிற மாட்டனா?”

அக்கா போய்க் கத்தியைப் பிடுங்கி அவள் தட்டில் வைத்தார். தப்புச் செய்துவிட்டதாக ஒத்துக்கொள்ளவில்லை. செல்வி பல மாதம் அவரோடு பேசவில்லை, வேலை விஷயத்தைக்கூட என் மூலமாகத்தான் கேட்பாள். அந்த விஷயத்தில் நான் செல்வி பக்கம்தான். சொல்லாமல் விடக்கூடிய உண்மை என்று சில இருக்கின்றன. அக்காவின் கணக்கில் அப்படி ஒன்று கிடையாது.

அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவுக்காரர். மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். ஒரு வருஷம் அவர்கள் கோயில் திருவிழாவுக்கு எங்களை அழைத்தார். அழைப்பும் அவர் பாணியில்தான்: “கூட்டம் நெரியும். ஒக்கார எடம் கெடைக்காது. நீங்க வாரதுக்குள்ள கறிக்கொழம்பு தீந்தாலும் தீந்துரும். வாரதுன்னா வாங்க.” போனோம். குழம்பு தீரவில்லை. எங்களுக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார்.

அங்கேதான் அவர் தம்பியைப் பார்த்தேன். வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். எங்களை ‘வாங்க’ என்று சொன்னார், ‘சாப்பிட்டீகளா’ என்றார். அக்கா பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. ஒரே வாசல் வழியாக இரண்டு பேரும் போய் வந்தார்கள். ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கி வழி விட்டார். சண்டை மாதிரியும் இல்லை.

தம்பி சம்சாரம்தான் அடுப்படியில் வைத்து எங்களிடம் சொன்னது. குடும்பத்துக்கு ஒரு விசைப்படகு இருந்திருக்கிறது. தம்பியும் மற்ற ஆட்களும் எல்லை தாண்டி வந்ததாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்விட்டது. ஆட்களை விட்டார்கள். படகை விடவில்லை. ஆட்கள் வீடு வந்த அன்று தெருவே திரண்டு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக இருந்த நேரத்தில், மீனவர் சங்கத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும் ‘ஆள் வந்த மாதிரி படகும் வந்துரும், பேசிக்கிட்டு இருக்கோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்பி இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தபோது அக்கா எதிரே வந்து நின்றாராம்.

“நீ வந்துட்ட, அது போதும். படகு வராது. அங்கன கரையில போட்டு மக்க விட்டுருவாக. அத நம்பி ஒக்காராத. வேற படகுக்குக் கூலிக்குப் போறதுன்னா நாளைக்கே கேட்டு வை.”

தம்பி இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

“படகு வந்துச்சா?” என்று கேட்டேன்.

“எங்க வந்துச்சு? இவுக ரொம்ப நாளு தெனமும் பாலத்துப் பக்கம் சங்கத்துக்குப் போயி விசாரிச்சுட்டு வருவாக. அப்பறம் கூலிக்குத்தான் போறாக. மதினி சொன்னது அப்புடியே நடந்துபோச்சு. அதுதான் இவுகளுக்கு ஆறலயே” என்றது அந்தப் பெண்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்கா வந்தார். அடுப்படிப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவராகவே சொன்னார்: “சொன்னது சரிதான். அவன் சாப்புட்டு முடிக்க விட்டிருக்கலாம்.”

அவர் தன்னைப் பற்றிக் குறையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு அந்த வரி வந்தது. வெளியிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் சரக்குக்கு ஏகப்பட்ட வரி போட்டுவிட்டார்கள், நண்டு, இறால் எல்லாவற்றுக்கும் என்று டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி. ஐஸ் பெட்டிகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. மேனேஜர் மட்டும் எப்போதும் செல்போனும் கையுமாக, கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் வெளி மாவட்டத்துக்காரர், மோசமான ஆள் இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல் எங்களோடு நின்று டப்பா எண்ணுகிறவர்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தோம். அக்கா வாசலில் வந்து நின்றார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அப்படியே நின்றார். அவர் இப்படிக் காத்துக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை.

“கை கழுவிட்டு வாங்க” என்றார். வந்தோம்.

“அமெரிக்காக்காரன் இனிமே வேணாம்னுட்டான். அங்கன போயிச் சேந்த சரக்குக்கே வரிய யாரு கட்டுறதுன்னு சண்ட. உள்ள இருக்குற நண்டு முடியிற வரைக்கும் வேலை இருக்கு. அதுக்கப்பறம் கம்பெனிய மூடிருவாக. ஸ்டாக்கு முடியிற வரைக்கும் ஒங்க கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிருக்காரு. அதயும் சேத்துச் சொல்லிப்புடுறேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு எறால் கம்பெனியில ஆள் எடுக்குறாக. தங்க எடம் இருக்கு. இந்த வாரம்தான் எடுப்பாக, அடுத்த வாரம் போனா கெடையாது.”

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜர் செருப்புக்கூடப் போடாமல் வந்துவிட்டார்.

“மேடம், என்ன காரியம் பண்றீங்க? உள்ள அவ்வளவு நண்டு கெடக்கு. இவங்க போயிட்டா அவ்வளவும் குப்பைக்குத்தான் போகும். அதுக்கு யார் பதில் சொல்றது?”

“நான் சொல்லலேன்னா இவுக அத்தன பேரும் வேலையில்லாம நிப்பாக. அதுக்கு யாரு சார் பதில் சொல்றது?”

“மூடுறோம்னு உங்ககிட்ட யார் சொன்னா? முதலாளி வேற நாட்டுல ஆள் பாத்துக்கிட்டு இருக்கார். கொஞ்சம் பொறுங்கன்னுதானே சொன்னேன்.”

“இதுக்கு முந்தி நான் இருந்த கம்பெனியிலயும் இதத்தான் சொன்னாக. வேற ஆளு பாக்குறோம், பொறுங்கன்னாக. ஒரு திங்கக்கெழம வந்து பாத்தா கேட்டுல பூட்டு. அன்னைக்கு என்கூட வேலை பாத்தவுகள்ல ரெண்டு பேரு போக வேற எடமில்லாம அந்த வாசல்லயே ஒக்காந்துட்டாக. எனக்கு அது போதும் சார்.”

மேனேஜர் எங்களைப் பார்த்தார். “உங்க இஷ்டம். ஆனா நான் சொல்றேன், மூட மாட்டோம்” என்றார். அந்தக் குரலில் உறுதி இல்லை. அவருக்கே நிச்சயமில்லை என்று எங்களுக்குப் பட்டது. அக்கா பேச்சில் அந்தத் தடுமாற்றம் கிடையாது. இத்தனை காலத்தில் அவர் சொன்ன கெட்டது எதுவும் பொய்த்ததில்லை. நாங்கள் அவரை நம்பினோம்.

“போறவுக போங்க. ஆனா இன்னைக்கு டேபிள்ல இருக்குறத எடுத்து முடிச்சுட்டுப் போங்க. பாதியில போட்டுட்டுப் போகாதீக” என்றார். அன்றைக்கு நாங்கள் எடுத்த சதையைப் போல அத்தனை சுத்தமாக என்றைக்கும் எடுத்ததில்லை.

பாதிப் பேருக்கு மேல் கிளம்பிவிட்டோம். நான், பஞ்சவர்ணத்தக்கா, இன்னும் பலர். எங்கள் ஊரில் செல்வி மட்டும் போகவில்லை. ‘அவுக சொன்னா நான் எதுக்குக் கேக்கணும்?’ என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

இறால் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடுதியில் தங்கி, இறாலின் தலையைக் கிள்ளித் தோல் உரித்தேன். ஒரு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. அந்த இறாலை வாங்கியதும் அதே அமெரிக்காதான். அதே வரி. கடைசியாக வந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

வந்த பிறகுதான் செல்வி சொன்னாள். நண்டுக் கம்பெனியை மூடவில்லை.

முதலாளி உண்மையாகவே வேறு நாட்டில் ஆள் பிடித்துவிட்டார். அந்த நாட்டுக்காரர்களுக்கு எங்கள் கடல் நண்டுதான் வேண்டும் என்றில்லை, விலை குறைந்தால் போதும். அதனால் இன்னொரு நாட்டிலிருந்து உறைய வைத்த நண்டைக் கப்பலில் இறக்கினார்கள். தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் நேராக உச்சிப்புளிக்கு வந்தது.

“பொட்டியில என்னமோ எழுத்து, ஒண்ணும் புரியல. நம்ம நண்டு மாதிரித்தான் இருக்கு. ஆனா சின்னது, சதை கையில எடுத்தா பஞ்சாப் பிஞ்சுருது” என்றாள் செல்வி. “அதை எடுத்து டப்பாவுல அடைச்சு மறுபடியும் கப்பல்ல ஏத்துறாக.”

ஒரு கடலிலிருந்து வந்து, கடற்கரையிலேயே இருக்கும் ஒரு கொட்டகையில் உடைபட்டு, வேறொரு கடலுக்குப் போகும் நண்டு. முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. நண்டு அங்கே மலிவு. எங்கள் கை இங்கே மலிவு. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தால் கப்பல் கூலி போகவும் முதலாளிக்கு மிஞ்சுகிறது. கரையில் வள்ளக்காரர்களின் நண்டைக் கம்பெனி பாதிதான் எடுத்தது. விலையையும் இறக்கிவிட்டது. பெண்களிலும் போகாமல் இருந்தவர்களே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பேச்சைக் கேட்காமல் இருந்த செல்விக்கு வேலை இருந்தது. கேட்டுப் போன எங்களுக்கு இல்லை.

ஊரில் அக்காவைப் பேசாத பேச்சு இல்லை. ‘மூடிருவாக மூடிருவாகன்னு வெரட்டிவிட்டுட்டு அவ மட்டும் உள்ள ஒக்காந்துருக்கா’ என்றார் பஞ்சவர்ணத்தக்கா. நானும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பெண் குடை இல்லாமல், ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தது. கோட்டும் தொப்பியும் இல்லாமல் சேலையில் பார்த்ததால் அக்காவை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பூசை முடிந்து நேராகப் பஸ் ஏறி வந்திருந்தார்.

தண்ணீர் கொடுத்தேன். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல் சொன்னார்.

“நான் சொன்னது தப்பாப் போச்சு. கம்பெனிய மூடல. எறால் கம்பெனிக்காரனுக்கும் அதே வரின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியல. என் பேச்சக் கேட்டுத்தான் நீங்க போனீக. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

என் மாமியார் உள்ளேயிருந்து வந்தார். “இப்ப வந்து சொன்னா? பிள்ளையப் பிரிஞ்சு போயி அங்கன கெடந்தாளே இவ, அது திரும்புமா? இருந்த வேலையும் போச்சே. ஒன் வாயி சும்மா இருக்க மாட்டாதா?” என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். அக்கா செம்பைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார். மாமியாருக்கு மூச்சு வாங்கிய பிறகு, “ஆமாம்மா” என்றார். பிறகுதான் தண்ணீரைக் குடித்தார்.

“மேனேஜர் ஒங்கள ஒண்ணும் சொல்லலயாக்கா?” என்று கேட்டேன்.

“சூப்பர்வைசர்ல இருந்து எறக்கிட்டாக. டேபிள்ல நிக்கிறேன், செல்விக்கு எதுத்தாப்புல.” எரிச்சலோ துக்கமோ இல்லாமல் சொன்னார். “மத்தவுக வீடு எது எதுன்னு காட்டுறியா? எல்லாரையும் பாத்துட்டுப் போகணும்.”

கூட்டிப்போனேன். வீட்டைக் காட்டிவிட்டு நான் தெருவிலேயே நின்றுகொண்டேன். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் வாசலில் நிற்க வைத்தே கேட்டுக்கொண்டார்கள். பஞ்சவர்ணத்தக்கா நாங்கள் வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. அக்கா படியில் ஏறி, கதவுக்கு முன்னால் நின்று, என்னிடம் சொன்னது அத்தனையும் ஒன்று விடாமல் அந்தக் கதவிடம் சொன்னார். சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஏன்க்கா, நீங்க வராம இருந்தா யாரும் ஒங்களத் தேடி வந்து கேக்கப் போறதில்ல. எதுக்கு இந்த வெயில்ல வந்து இம்புட்டுப் பேச்சு வாங்குறீக?”

“பேச்சு வாங்க வரலத்தா” என்றார். “மழ முடிஞ்சு நண்டு சீசன் தொடங்குனா வேன் வரும்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பீக. அந்த டிரைவரும் வாரேன் வாரேன்னுதான் சொல்லிருப்பான். வேன் வராது. இனிமே இந்தப் பக்கம் ஆளு எடுக்க மாட்டாக. இது எனக்கு நல்லாத் தெரியும், ஆபீசுல பேசுனாக. ஒரு தடவ தப்பாச் சொன்னவ சொல்றேன், நம்புறதும் நம்பாததும் ஒங்க இஷ்டம். மத்தவுக கிட்டச் சொல்லிட்டேன், கதவச் சாத்துன அந்த அக்கா கிட்ட மட்டும் இதச் சொல்ல விட்டுப்போச்சு. கதவத் தொறப்பாக, கடைசியாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே போனார். திரும்பிக் கையாட்டவெல்லாம் இல்லை.

நான் அந்த வாரமே ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கேட்டு வைத்தேன். கொஞ்ச நாளில் சேர்ந்தும்விட்டேன். காலை பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வரும்போது ஆலமரத்தடியில் பஞ்சவர்ணத்தக்கா நின்றுகொண்டிருப்பார். கையில் தூக்குவாளி இருக்கும், வேலைக்கென்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பார். மழை முடிந்திருந்தது. என்னைப் பார்த்தால், “டிரைவரு போன்ல சொன்னான், இந்த வாரம் வந்துருவானாம்” என்பார். நான் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். அடுத்த நாளும் நிற்பார். மிளகாய் எடுப்புக்கு ஆள் கேட்டு வந்தவர்களிடம் ‘எனக்கு வேலை இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நம் வாயால் எதற்கு, தானாகத் தெரிந்துகொள்வார் என்று இருந்தேன்.

ஒரு நாள் என் பஸ் வந்து நின்றது. கால் ஏறவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் அவர் எதிரே நின்றேன். இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்ல இத்தனை பலம் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“வேன் வராதுக்கா.”

“யாரு சொன்னா?”

“அந்த அக்காதான். அன்னைக்கு வந்தாகள்ல. இனிமே இந்தப் பக்கம் ஆளு எடுக்க மாட்டாகளாம்.”

பஞ்சவர்ணத்தக்கா என்னை அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். முகம் அப்படி மாறியது. அக்காவைத் திட்டினார், டிரைவரைத் திட்டினார், பிறகு என்னை. “இத்தன நாளாத் தெரிஞ்சுக்கிட்டா பஸ்ஸுல ஏறி ஏறிப் போன? நான் பைத்தியக்காரி மாதிரி இங்கன நின்னுக்கிட்டு இருக்கேன், பாத்துக்கிட்டே போயிருக்க.”

பிறகு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

“பஸ்ஸையும் விட்டுட்ட. அடுத்தது எப்ப?”

“நேரம் ஆகும்க்கா.”

“ஒக்காரு” என்று தூக்குவாளியைத் திறந்தார். பழைய சோறும் வெங்காயமும் சுட்ட கருவாடும் இருந்தன. மூடியில் எனக்குப் பாதியை வைத்துக் கொடுத்துவிட்டு, மிளகாய் எடுப்புக்கு ஆள் கேட்டு வந்தவர்கள் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.